இலக்கணத்தில் 20-க்கு 19, கருத்தறிதலில் 20-க்கு 7: சீனாவிலிருந்து வந்த மாணவனுக்கு ஆங்கிலம் எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

தெம்பனிஸ் மலர்

எல்லோருக்கும் வணக்கம். சிங்கப்பூரில் 11 வருடமாக ஆங்கிலத் துணைப்பாடம் எடுக்கிறேன். பெரும்பாலும் நம் பிள்ளைகள், கொஞ்சம் மலாய்ப் பிள்ளைகள். போன வருடக் கடைசியில்தான் முதல்முறையாக ஒரு சீனப் பையன் வந்து சேர்ந்தான். இங்கே பிறந்து வளர்ந்தவன் இல்லை, செங்டூவிலிருந்து வந்தவன், 14 வயது, வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கான ஏஇஐஎஸ் தேர்வு எழுதி உயர்நிலை 2-இல் இடம் கிடைத்திருக்கிறது. அவன் அம்மாவும் கூடவே வந்து தங்கியிருக்கிறார். இப்படி வரும் தாய்மாரை 'பெய்தூ மாமா' என்கிறார்கள். மாமா என்றால் அவர்கள் மொழியில் அம்மா, படிக்கும் பிள்ளைக்குத் துணையாக வந்திருக்கும் அம்மா.

இலக்கணம் தெரியாத பையன் என்று சொல்லவே முடியாது. தெரிவுவிடை வினாக்களில் 20-க்கு 19 வாங்குகிறான். 'ஹேட் பீன்' எங்கே வரும் என்று கேட்டால் விதியை மூச்சுவிடாமல் சொல்வான். சொல்வளமும் என் மற்ற பிள்ளைகளைவிட அதிகம். ஆனால் கருத்தறிதலில், அதாவது ஒரு பக்கக் கதையைக் கொடுத்து, யார் யாருக்கு என்ன செய்தார்கள் என்று கேட்டால் திணறிப்போகிறான், 20-க்கு 7தான். எழுதச் சொன்னால் ஒப்பித்த விதி ஒன்றுகூட எழுத்தில் இல்லை. 'எஸ்டர்டே மை மதர் கோ டு மார்க்கெட், ஹீ பை ஃபிஷ்' என்று எழுதுகிறான். அம்மாவை 'ஹீ' என்கிறான்.

நேற்று இந்த வாக்கியத்தில் அரை மணி நேரம் போனது: 'த பாய் ஹூம் தி ஓல்ட் மேன் ஹேட் புல்ட் அவுட் ஆஃப் த ரிவர் நெவர் லெர்ன்ட் ஹிஸ் நேம்.' யாருக்கு யார் பெயர் தெரியாமல் போனது என்று கேட்டேன். கிழவருக்குப் பையன் பெயர் தெரியவில்லை என்றான். உண்மையில் பையனுக்குத்தான் கிழவர் பெயர் தெரியாமல் போனது. இதில் அவனுக்குப் புரியாத சொல் ஒன்றுகூட இல்லை, ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்த்துவிட்டேன். அப்படியானால் எது புரியவில்லை? சீனம் பேசும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த யாராவது இருந்தால் வழி சொல்லுங்கள்.

வைகைக்கரை

அம்மா, நான் 34 வருடம் மதுரைப் பக்கம் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றவன். சீன மாணவன் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை, ஆனாலும் இந்தக் கதை எனக்குப் பழகியதுதான். எங்கள் காலத்தில் வாக்கியத்தைப் பிரித்துக் காட்டாமல் அடுத்த பாடத்துக்கே போக மாட்டோம். எழுவாய் எது, பயனிலை எது, நடுவில் தொங்குகிற துணை வாக்கியம் எதைச் சேர்ந்தது என்று கரும்பலகையில் கோடு போட்டுக் காட்டுவோம். அதை இப்போது எல்லோரும் விட்டுவிட்டார்கள். தினமும் பத்து நீள வாக்கியம் எடுத்துப் பிரிக்கச் சொல்லுங்கள், மூன்று மாதத்தில் பையன் தேறிவிடுவான்.

வூஹானில் ஆறு வருடம்

ஐயா, மறுத்துச் சொல்வதற்கு மன்னிக்கவும். அந்தப் பையன் அதைத்தான் வேண்டிய மட்டும் செய்துவிட்டு வந்திருப்பான். நான் வூஹானில் ஒரு கல்லூரியில் ஆறு வருடம் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தேன். நீளமான, கடினமான வாக்கியத்துக்கு அங்கே 'சாங் நான் ஜூ' என்று தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். அதைப் பிரித்து மேய்வதற்கென்றே வகுப்பு நடக்கும்.

காரணம் தேர்வுதான். காவ்காவ் எனப்படும் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வுக்கு மொத்தம் 750 மதிப்பெண், அதில் ஆங்கிலத்துக்கு மட்டும் 150. இப்போதைய தேசிய வினாத்தாளில் வாசிப்புக்கு 50 மதிப்பெண். நான்கு பத்தி, 15 கேள்வி, அதற்குப் பிறகு 'சீ ஷுவான் வூ' என்று ஒன்று வரும். ஏழு வாக்கியம் கொடுத்து, பத்தியில் இருக்கும் ஐந்து காலி இடத்துக்குப் பொருத்தச் சொல்வார்கள், இரண்டு மிஞ்சும். காலி இடம் நிரப்புவது தனி. இதற்காகப் பிள்ளைகள் சின்ன வயதிலிருந்தே 'ஷுவா தீ' செய்வார்கள், அதாவது கேள்விகளைத் தேய்த்துத் தேய்த்துப் போடுவது. கேள்வியை முதலில் படி, அதில் வரும் முக்கியச் சொல்லைப் பத்தியில் தேடு, அதன் முன்னும் பின்னும் ஒரு வரி பார், விடையைக் குறி, அடுத்ததற்குப் போ. இந்த வித்தையில் என் மாணவர்கள் எல்லோருமே கெட்டிக்காரர்கள். ஆனால் ஒரு கதையை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும், அடுத்து என்ன ஆகும் என்ற ஆசையோடு படித்தவர்கள் மிகக் குறைவு. பத்து வருடம் படித்தும் வாய் திறந்து பேச வராததை 'யாபா யிங்யூ' என்று அவர்களே சொல்லி வருத்தப்படுவார்கள். ஊமை ஆங்கிலம். வாசிப்பிலும் அதுபோல ஒன்று இருக்கிறது என்று எனக்குத் தோன்றும்.

மலர் அக்கா, உங்கள் பையன் 20-க்கு 19 வாங்குவதும் 20-க்கு 7 வாங்குவதும் ஒரே பழக்கத்தால்தான். அங்கே விடை நான்கில் ஒன்றாகக் கண்ணெதிரே இருக்கும். உங்கள் ஊரில் 'உன் சொந்தச் சொற்களில் எழுது' என்கிறார்கள், தேட எதுவும் இல்லை, புரிந்திருந்தால் மட்டுமே எழுத முடியும்.

ஈப்போ குமரன்

அக்கா, நான் மலேசியாவில் சீனத் தொடக்கப்பள்ளியில் ஆறு வருடம் படித்த தமிழன். வீட்டில் தமிழ், பள்ளியில் மாண்டரின் எனும் பொதுச் சீனம், ஆங்கிலம் மூன்றாவதாக வந்தது. அதனால் அந்தப் பையன் மண்டைக்குள் என்ன நடக்கிறது என்பது எனக்கு ஓரளவு தெரியும். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த ஆற்று வாக்கியம். அதைத் தமிழில் எப்படிச் சொல்வீர்கள்? 'கிழவர் ஆற்றிலிருந்து இழுத்துக் கரைசேர்த்த பையன்.' பையன் கடைசியில் வருகிறான். மாண்டரினிலும் அப்படியேதான், விவரம் எல்லாம் முன்னால் வரும், நடுவில் 'தெ' என்று ஓர் ஓரசைச் சொல், அதற்குப் பிறகுதான் பெயர்ச்சொல். நம் பெயரெச்சம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில்தான் இது தலைகீழ். ஆளை முதலில் நிறுத்திவிட்டு விவரத்தைப் பின்னால் இழுத்துக்கொண்டே போவார்கள். உங்கள் பையன் 'த பாய்' என்று படித்ததும் அது முடிந்துபோன விஷயம் என்று வைத்துவிட்டு, அடுத்து வந்த 'ஓல்ட் மேன்'தான் இனிமேல் ஆள் என்று பிடித்துக்கொண்டிருப்பான். கடைசியில் வரும் 'லெர்ன்ட்' யாருடையது என்று பார்த்தால் அவன் கையில் கிழவர்தான் இருக்கிறார். சொல் எல்லாம் தெரிந்தும் வாக்கியம் புரியாமல் போவது இப்படித்தான்.

அடுத்தது காலம். மாண்டரினில் வினைச்சொல் காலத்துக்காக உருமாறவே மாறாது. போ என்பதற்கு 'ச்சூ', நேற்றும் ச்சூ, இன்றும் ச்சூ, நாளையும் ச்சூ. நேற்று என்று ஒரு தடவை சொல்லிவிட்டால் போதும். 'லெ' என்று ஓர் ஒட்டு இருக்கிறது, அதுதான் இறந்தகாலம் என்று பல பிள்ளைகள் தாங்களாகவே முடிவு கட்டிவிடுவார்கள். அங்கேதான் சிக்கல். 'நாளைக்கு நான் கிளம்பிவிடுவேன்' என்பதற்கும் கடைசியில் லெ வரும். அது காலத்தைக் காட்டுவதில்லை, ஒன்று முடிந்தது அல்லது நிலைமை மாறியது என்பதைத்தான் காட்டுகிறது. அதே சமயம் 'நேற்று எனக்கு நிறைய வேலை' என்பதற்கு லெ வராது. லெ இருந்தால் வினையின் கடைசியில் இறந்தகால 'ஈடி' போடு, இல்லாவிட்டால் போடாதே என்று உள்ளுக்குள் ஒரு கணக்கு ஓடினால் 'எஸ்டர்டே ஐ ஆம் வெரி பிஸி' என்றுதான் வரும். அது கவனக்குறைவு இல்லை அக்கா, அவன் மொழியின் கணக்குப்படி அது சரி.

இதில் காதுக்கும் பங்கு இருக்கிறது. மாண்டரினில் ஓர் அசை மெய்யில் முடிய வேண்டுமென்றால் 'ன்', 'ங்', சில ஊர்களில் 'ர்', அவ்வளவுதான். 'ட்', 'க்', 'ஸ்' எதிலும் முடியாது. 'வாக்ட்', 'ஆஸ்க்ட்' போன்றவற்றின் வாலைக் கேட்டுப் பழகாத காது, நிஜப் பேச்சில் அதைத் தவறவிட்டுவிடும். காதில் விழாதது எழுத்தில் தானாக வராது.

'ஹீ', 'ஷீ' குழப்பத்துக்கு வருகிறேன். அவன், அவள், அது மூன்றுக்கும் பேச்சில் ஒரே ஒலி, 'தா'. எழுத்தில் மட்டும்தான் வேறு வேறு. பெண்பாலுக்குத் தனி எழுத்து புழக்கத்துக்கு வந்ததே 1920 வாக்கில்தான், லியூ பன்னோங் என்ற கவிஞர் முன்னின்று பரப்பினார். பேசும்போது ஆணா பெண்ணா என்று யோசிக்கும் தேவையே இல்லாமல் வளர்ந்த பிள்ளை, வாக்கியம் போகும் வேகத்தில் எது முதலில் வாயில் வருகிறதோ அதைச் சொல்லிவிடும். தன் அம்மா பெண் என்பது அவனுக்குத் தெரியாதா என்ன! அதற்காக அவனைக் கேலி செய்யாதீர்கள், வகுப்பில் மற்ற பிள்ளைகளையும் சிரிக்க விடாதீர்கள். என்னுடன் படித்த நண்பன் ஒருவன் அந்தச் சிரிப்புக்குப் பயந்தே இரண்டு வருடம் ஆங்கிலத்தில் வாயைத் திறக்கவில்லை.

தெம்பனிஸ் மலர்

குமரன், இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அவன் மொழி எனக்கு வெகுதூரம் என்று நினைத்திருந்தேன். 'நேற்று வந்த பையன்' என்பதில் நாமும் அவர்களும் ஒரே வரிசை என்றால், நான் தமிழில் வாசிக்கும் விதத்தை வைத்தே அவனுக்கு வழி காட்டலாமே.

இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. போன மாதம் அவன் வகுப்பாசிரியர் 'டிடன்ட் யூ ஃபினிஷ் யுவர் வொர்க்?' என்று கேட்க, இவன் 'யெஸ்' என்றிருக்கிறான். முடித்துவிட்டான் என்று அவர் நினைத்துக்கொண்டார். ஒப்படைப்பைக் கேட்டபோது இல்லை. பொய் சொன்னான் என்று வீட்டுக்குக் குறிப்பு வந்தது, அவன் அம்மா என்னிடம் கொண்டுவந்து காட்டி அழுதுவிட்டார். இதுவும் மொழி சம்பந்தப்பட்டதா?

ஈப்போ குமரன்

நிச்சயமாக! 'முடிக்கலையா?' என்று என்னைக் கேட்டால் நான் என்ன சொல்வேன்? 'ஆமாம், முடிக்கலை' என்பேன். மாண்டரினிலும் அதே. கேட்டவர் சொன்னது சரி என்றால் ஆமாம். ஆங்கிலத்தில் கேள்வியின் வடிவத்தைப் பார்ப்பதில்லை, உண்மையில் முடித்திருந்தால் 'யெஸ்', முடிக்காவிட்டால் 'நோ'. அவன் ஆசிரியருக்கு உண்மையைத்தான் சொல்லியிருக்கிறான். தயவுசெய்து அந்த அம்மாவிடம் இதை விளக்கிச் சொல்லுங்கள், முடிந்தால் பள்ளிக்கும் ஒரு கடிதம் எழுதுங்கள்.

வைகைக்கரை

என் பிள்ளைகளும் இதே தப்பைச் செய்வார்கள். 34 வருடம் அதைத் திருத்தினேன், ஏன் செய்கிறார்கள் என்று ஒரு நாளும் நின்று யோசித்ததில்லை. தம்பி குமரனுக்கு நன்றி.

ஆனாலும் வாக்கியத்தைப் பிரிப்பதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். முன்னால் வரும் ஆளைக் கையை விடாமல் பிடித்துக்கொண்டே போக வேண்டும் என்றால், இடையில் வரும் துணை வாக்கியம் எங்கே முடிகிறது என்று தெரிய வேண்டாமா? அதைக் கோடு போட்டுக் காட்டாமல் வேறு எப்படிக் காட்டுவது?

வூஹானில் ஆறு வருடம்

அதை ஒத்துக்கொள்கிறேன் ஐயா. அங்கே என் மாணவர்கள் பிரிப்பார்கள், ஒவ்வொரு துண்டுக்கும் பெயர் எழுதுவார்கள், அதோடு முடிந்தது. பிரித்ததைத் திரும்பச் சேர்த்து ஒரே மூச்சில் படிப்பதே இல்லை. நான் செய்தது இது: 'ஹூம்' முதல் 'ரிவர்' வரைக்கும் ஒரு துண்டுக் காகிதத்தால் மூடிவிடுவேன். மிச்சம் 'த பாய் நெவர் லெர்ன்ட் ஹிஸ் நேம்'. இதைப் படி. யாருக்குத் தெரியாது? பையனுக்கு. சரி, இப்போது காகிதத்தை எடு, எந்தப் பையன் என்று பார். அப்புறம் முழுவதையும் சத்தமாக, நிறுத்தாமல், இரண்டு தடவை படி. எந்த இலக்கணப் பெயரும் வேண்டாம்.

வரிசையைப் பற்றி இன்னும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. சீனத்தில் முதலில் நடந்ததை முதலில் சொல்வதுதான் இயல்பு. காரணம் முன்னால், விளைவு பின்னால். நமக்கும் அப்படித்தானே, 'தூங்கிப்போனதால் ரயிலை விட்டுவிட்டான்'. ஆங்கிலக் கதையில் ரயிலை விட்டது முதல் வரியில் வரும், அதற்கு முன்னால் தூங்கிப்போனது மூன்றாவது வரியில் 'ஹேட்' போட்டு வரும். அந்த 'ஹேட்'டைக் கவனிக்காவிட்டால் நிகழ்ச்சிகளின் வரிசையே புரண்டுவிடும். எது முதலில் நடந்தது என்று கேட்கும் கேள்விகளில் என் மாணவர்கள் சொதப்புவதற்கு இதுவும் ஒரு காரணம். அதனால் கதையைப் படித்து முடித்ததும், எது முதலில் நடந்தது என்று எண் போடச் சொல்வேன். எண் சரியாக இருந்தால் கதை புரிந்துவிட்டது.

எழுத்தில் 'ஆல்தோ' என்று தொடங்கி நடுவில் 'பட்' போடுவான், 'பிகாஸ்' என்று தொடங்கி 'ஸோ' போடுவான், கவனித்திருப்பீர்கள். மாண்டரினில் 'சுய்ரான், தான்ஷி', 'யின்வெய், சுவோயி' என்று பெரும்பாலும் ஜோடியாகத்தான் வரும். ஆங்கிலத்தில் ஜோடியில் ஒருவருக்குத்தான் இடம் என்று சொல்லுங்கள், ஒரே நாளில் பிடித்துக்கொள்வான்.

எண்களையும் சோதித்துப் பாருங்கள். அவர்கள் பத்தாயிரத்தை ஒரு 'வான்' என்பார்கள், பத்துக் கோடி ஒரு 'யீ'. 'டென் மில்லியன்' என்று வந்தால் அதை ஆயிரம் வான் என்று மாற்றிக்கொள்ளத் தடுமாறுவார்கள், நம் ஊர்ப் பிள்ளைகள் லட்சம், கோடிக்கு மாற்றத் தடுமாறுவது போலத்தான். செய்திக் கட்டுரை வகைப் பத்திகளில் இதற்காகவே மதிப்பெண் போவதைப் பார்த்திருக்கிறேன்.

நூலகத்து ஜன்னல்

மொழி கற்றலில் ஆய்வு செய்கிறவள் நான். எல்லோரும் வாக்கியத்தைப் பற்றியே பேசுகிறீர்கள், அவன் என்ன படிக்கிறான் என்று யாரும் கேட்கவில்லையே! துணையில்லாமல் ஒரு கதையைப் படித்துப் புரிந்துகொள்ள 100 சொல்லில் சுமார் 98 தெரிந்திருக்க வேண்டும் என்று ஹூ, நேஷன் இருவரும் 2000-இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. பால் நேஷன் 2006-இல் போட்ட கணக்குப்படி, பெரியவர்களுக்கான நாவலை அந்த அளவுக்குப் படிக்க 8,000 முதல் 9,000 சொற்குடும்பம் வரை தேவை (ஒரு சொல்லும் அதிலிருந்து பிறக்கும் வடிவங்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்). சீனாவில் காவ்காவுக்கென்று பிள்ளைகள் உருப்போடுவது 3,500 சொல். உங்கள் பையன் அதையே இன்னும் முடித்திருக்க வயதில்லை. 'சொல்வளம் அதிகம்' என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள் அக்கா? பெரிய பெரிய சொல் தெரிந்திருக்கும். 'கெட் ஓவர்', 'புட் அப் வித்', 'டர்ன் அவுட்' தெரியுமா என்று பாருங்கள். கதைகளில் இவைதான் கொட்டிக் கிடக்கும்.

அவனுக்கு எளிதான புத்தகத்தைக் கொடுங்கள், அவன் வெட்கப்படும் அளவுக்கு எளிதாக இருந்தாலும் சரி. தினமும் 20 நிமிடம். கேள்வி கிடையாது, அகராதி கிடையாது.

தெம்பனிஸ் மலர்

சோதித்துப் பார்த்தேன். 'டர்ன் அவுட்' தெரியவில்லை, 'மேக் அப்' என்றால் முகப்பூச்சு மட்டும்தான் தெரிகிறது. 'சஸ்டெய்னபிள்' தெரிகிறது. நீங்கள் சொன்னது அப்படியே சரி.

அம்மாவிடம் எளிய கதைப் புத்தகம் பற்றிப் பேசினேன், அவருக்கு அதில் சம்மதமில்லை. வீட்டையும் கணவரையும் விட்டுவிட்டு இவ்வளவு தூரம் வந்தது சின்னப் பிள்ளைகள் படிக்கும் புத்தகத்தைப் படிக்கவா என்று கேட்டார். அவர் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. வாடகை, கட்டணம் எல்லாம் கண்ணுக்கு முன்னால் நிற்கும்போது, கேள்வித்தாளில் ஏறும் எண்தான் அவருக்கு ஆறுதல். வாரத்துக்கு ஒரு தேர்வுத்தாளும் போடுகிறேன் என்று சொன்ன பிறகுதான் ஒத்துக்கொண்டார்.

ஒரு சந்தேகம். அவன் மாண்டரினில் விளக்கம் கேட்டால் கைப்பேசியில் மொழிபெயர்க்க விடலாமா? ஆங்கில வகுப்பில் ஆங்கிலம் மட்டும்தான் என்பது இதுவரை என் விதி.

வைகைக்கரை

விடவே கூடாது அம்மா. ஒரு தடவை பழகிவிட்டால் ஆங்கிலத்தை ஆங்கிலமாகப் படிக்கவே மாட்டான்.

ஈப்போ குமரன்

ஐயாவோடு இதில் எனக்கு உடன்பாடு இல்லை. கைப்பேசி வேண்டாம், அது வாக்கியம் முழுவதையும் மாற்றிக் கொடுத்துவிடும், அவன் ஆங்கில வரியைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான். ஆனால் படித்து முடித்ததும் கதையை அவன் மொழியில் அவனே சொல்லட்டும். உங்களுக்குப் புரியாவிட்டாலும் பரவாயில்லை, அம்மாவிடம் சொல்லட்டும். அவர் கேட்டுவிட்டு 'யாரை யார் காப்பாற்றினது?' என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். பிள்ளைக்கு விஷயம் புரிந்ததா, சொல்ல மொழிதான் வரவில்லையா என்று பிரித்துப் பார்க்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. ஆங்கிலம் மட்டும் என்ற விதியால் நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சம் இல்லை, எனக்குத் தெரிந்ததையெல்லாம் தெரியாது என்று எடுத்துக்கொண்டார்கள்.

உட்லண்ட்ஸ் அம்மா

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும், நான் ஆசிரியை இல்லை. என் மகளுக்கு இதே தொல்லை தமிழில். ஆங்கிலமே பேசி வளர்ந்துவிட்டாள், தமிழ்த் தாளில் கருத்தறிதல் என்றாலே அழுகிறாள். பெயரெச்சம் வரும் நீள வாக்கியத்தில் யார் என்ன செய்தார் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. நீங்கள் சொன்னதைத் திருப்பிப் போட்டால், ஆள் கடைசியில்தான் வருவான், அதுவரை காத்திரு என்று சொல்லிக்கொடுக்கலாம் என்று தோன்றுகிறது. நாளைக்கே செய்து பார்க்கிறேன்.

தெம்பனிஸ் மலர்

ஏழு வாரம் ஆகிவிட்டது. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

காகிதத்தால் மூடும் முறை முதல் வாரமே வேலை செய்தது. மூன்றாவது வாரம் அவனே கட்டைவிரலால் மூட ஆரம்பித்துவிட்டான். நிகழ்ச்சிகளுக்கு எண் போடுவது அவனுக்குப் பிடித்திருக்கிறது, கணக்குப் பையன் அல்லவா. எளிய புத்தகங்கள் 12 முடித்திருக்கிறான். முதல் மூன்றை வேண்டாவெறுப்பாகப் படித்தான், நாலாவது ஒரு நாய்க்கதை, அதைத் திருப்பித் தரவே மாட்டேன் என்கிறான். இரவில் அம்மாவுக்குக் கதை சொல்வது தொடர்கிறது. அவர் இப்போது ஆங்கிலப் புத்தகத்தின் படங்களைப் பார்த்துவிட்டு அவனையே மடக்கிக் கேள்வி கேட்கிறாராம்.

கருத்தறிதலில் 7 இப்போது 11. 80 சொல்லில் சுருக்கி எழுதுவது இன்னும் வரவில்லை, பத்தியிலிருந்து அப்படியே பிய்த்து வைக்கிறான். 'ஈடி' வால் பாதி நேரம் விழுந்துவிடுகிறது. வாய்விட்டுப் படிக்கும்போது அதை மட்டும் மேசையில் தட்டச் சொல்லியிருக்கிறேன், காதுக்குப் பழகட்டும் என்று. பள்ளிக்குக் கடிதம் எழுதினேன். வகுப்பாசிரியர் அவனைக் கூப்பிட்டு, நீ பொய் சொல்லவில்லை என்று எனக்கு இப்போது தெரியும் என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னாராம்.

'ஹீ', 'ஷீ' எழுத்தில் சரியாகிவிட்டது, பேச்சில் இல்லை. முந்தாநாள் 'மை மதர், ஹீ' என்று தொடங்கினான், நான் ஒன்றும் சொல்லவில்லை, அவனே நிறுத்தி 'ஷீ' என்றான், அப்புறம் கதையைத் தொடர்ந்தான்.

குமரன், அந்த 'லெ' பற்றி இன்னும் கொஞ்சம் எழுத முடியுமா? 'ஹேவ் ஈட்டன்', 'ஏட்' இரண்டுக்கும் நடுவில் இப்போது மாட்டிக்கொண்டிருக்கிறோம்.

ஈப்போ குமரன்

அக்கா, அதற்கு 'குவோ' என்று இன்னோர் ஒட்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எப்போதாவது ஒரு தடவையாவது அந்த அனுபவம் உண்டு என்பதற்கு அது. 'பெய்ஜிங் போயிருக்கிறேன்' என்று நாம் சொல்லும் 'இருக்கிறேன்' மாதிரி. 'ஹேவ் பீன் டு பெய்ஜிங்' அவனுக்கு எளிதில் பிடிபட்டிருக்குமே, குவோ இருப்பதால்? பிடிபடாதது 'ஐ ஹேவ் லாஸ்ட் மை கீ' போன்ற வகையாக இருக்கும், அங்கே அவன் மொழியில் லெ வரும், 'லாஸ்ட்' என்பதற்கும் அதே லெதான் வரும். அதனால் லெயை மறந்துவிட்டு, சாவி இப்போது கையில் இருக்கிறதா இல்லையா என்று மட்டும் கேட்கச் சொல்லுங்கள். இன்னும் கிடைக்கவில்லை என்றால் 'ஹேவ் லாஸ்ட்'. நேற்று, போன வாரம் என்று நேரம் சொல்லிவிட்டால் 'லாஸ்ட்' மட்டும். அவன் எழுதிய பத்து வாக்கியத்தை இங்கே போடுங்கள், வரி வரியாகப் பார்க்கலாம்.